பச்சையை நீக்கினால் எது போகிறது?

விண்வெளிப் படம் எடுப்பவர்களுக்குப் பச்சை நிறத்தோடு தீராத பகை உண்டு. விண்வெளியில் ஒளிரும் வாயு மேகமான ஒரு நெபுலாவை மூன்று குறும்பட்டை ஃபில்டர்களில் தனித்தனியாக எடுத்து, மூன்றையும் வண்ணப் படமாக இணைத்ததும் திரை முழுவதும் பச்சை அப்பிக்கொள்ளும். உடனே கை எஸ்சிஎன்ஆர் என்னும் பச்சை நீக்கும் கருவியைத் தேடும். படங்களைச் செம்மையாக்கும் மென்பொருளான பிக்ஸ்இன்சைட்டில் அது இருக்கிறது, இலவச மென்பொருளான சிரிலிலும் இருக்கிறது. ஒரு சொடுக்குப் போதும். பச்சை மறைந்து பொன்னிறமும் நீலமும் தலைகாட்டும். செய்முறைக் காணொளிகளில் பாடம் நடத்துபவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் ஒரு திருப்திப் பெருமூச்சு விடுவார்கள்.

எனக்கு அந்தச் சொடுக்கின் மேல் ஒரு வழக்கு இருக்கிறது. அழகு கெடுகிறது என்பதல்ல வழக்கு. படத்தில் இருக்கும் மிகச் சுத்தமான தகவலைத் தூக்கி எறிந்துவிட்டு, மிக இரைச்சலான, அதாவது தற்செயலான கரகரப்பு மிகுந்த, தகவலை அந்த இடத்தில் உட்கார வைக்கிறோம் என்பதுதான். நிறம் ஒரு வேலை, இரைச்சல் நீக்கம் இன்னொரு வேலை என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குறும்பட்டைப் படத்தில் இரண்டும் ஒரே வேலை. சிங்கப்பூர் போன்ற வானத்தின் கீழே இருப்பவர்களுக்கு இது இன்னும் அழுத்தமான உண்மை.

முதலில் அந்த மூன்று ஃபில்டர்கள். ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் ஒளிரும். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7-இல் ஒளிரும். ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தகம் 671.6, 673.1 என்று ஒட்டிப் பிறந்த இரண்டு கோடுகளில் ஒளிரும். ஃபில்டர் அந்தக் கோட்டைச் சுற்றி 3 அல்லது 7 நானோமீட்டர் அகலத்தை மட்டும் உள்ளே விட்டு மற்ற எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

ஆக்சிஜன் கோட்டுக்கு ஒரு சுவையான பழங்கதை உண்டு. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ், இன்று பூனைக்கண் நெபுலா என்று அழைக்கப்படும் என்ஜிசி 6543-ஐ நிறமாலைமானி வழியாகப் பார்த்தார். விண்மீனுக்குரிய தொடர் நிறமாலை வரவில்லை, சில ஒளிக்கோடுகள் மட்டுமே தெரிந்தன. அதிலிருந்து அது விண்மீன் கூட்டமல்ல, ஒளிரும் வாயு என்று தெரிந்தது. அந்தப் பச்சைக் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்று புதுத் தனிமம் ஒன்றையே கற்பித்துக்கொண்டார்கள். 1927-இல் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது நமக்குப் பழகிய ஆக்சிஜன்தான். ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல வெற்றிடம் செய்தாலும் அணுக்கள் அடிக்கடி மோதிக்கொண்டு, அந்த ஒளியை உமிழும் முன்பே ஆற்றலை இழந்துவிடுகின்றன. நெபுலாவின் அடர்த்தி அவ்வளவு குறைவு என்பதால் அங்கே மட்டும் அவற்றுக்கு அவகாசம் கிடைக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அறிவியலாளர்களை அலைக்கழித்த அந்தக் கோட்டைத்தான் இன்று நாம் ஓர் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு ஃபில்டர் போட்டுப் பிடிக்கிறோம்.

என் அண்ணன் மகள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "சித்தப்பா, இது உண்மையான நிறமா?" கேள்வி நியாயமானது. பதில் சற்று நீளமானது. ஹைட்ரஜனும் கந்தகமும் கண்ணுக்கு ஒரே சிவப்பு. 656-க்கும் 672-க்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் பிரித்துக் காட்ட எந்தத் திரையாலும் இயலாது. ஆக்சிஜன் நீலம் கலந்த பச்சை. ஆகவே 'உண்மையான' படம் என்றால் இரண்டு சிவப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடையிடையே ஒரு மயில்கழுத்து நிறம் தெரியும் படம். கந்தகம் எங்கே இருக்கிறது, வாயு எலக்ட்ரான்களை இழக்கும் அயனியாக்கத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதெல்லாம் அந்தச் சிவப்புக்குள் புதைந்துபோகும். அதைத் தோண்டி எடுக்கத்தான் வேறு நிறம் கொடுக்கிறோம். அவளுக்கு நான் சொல்வது: நிறம் என்னுடையது, அது இருக்கும் இடம் என்னுடையதல்ல.

இந்தப் பழக்கத்தை உலகுக்குப் பரப்பியது ஒரே ஒரு படம். 1995 ஏப்ரல் 1 அன்று ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹபிள் தொலைநோக்கியைக் கழுகு நெபுலாவின் பக்கம் திருப்பி எடுத்த 'படைப்பின் தூண்கள்'. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். இது கண்ணை மயக்குவதற்காகத் தோன்றியபடி அடித்த வண்ணம் அல்ல; நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, நடுவில் உள்ளதற்குப் பச்சை, குறுகியதற்கு நீலம் என்று அலைநீள வரிசையை மாற்றாமல் வைத்தார்கள். அந்த வரிசையின் விளைவாகத்தான் அண்டத்தில் மிக அதிகமாக இருக்கும் ஹைட்ரஜன் பச்சை இருக்கையில் போய் அமர்ந்தது. நம் படங்கள் பச்சையாக வருவதற்கு வேறு காரணம் கிடையாது. ஹைட்ரஜன் அதிகம், அவ்வளவுதான்.

இனி நம் ஊர் வானம். 2016-இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான உலக ஒளிமாசு வரைபடம், உலகிலேயே ஒளிமாசு மிகுந்த நாடு சிங்கப்பூர் என்றது. இங்கே வாழும் அனைவருமே, கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின் கீழ் இருக்கிறோம் என்பது அதன் கணிப்பு. நம் லிட்டில் இந்தியாவான தேக்காவில் தீபாவளி ஒளியூட்டு வந்துவிட்டால் நமக்குப் பெருமைதான், அது வேறு விஷயம். அந்த வரைபடம் வந்தபோது நண்பர்கள் பலர் 'அப்படியானால் இங்கே தொலைநோக்கி எதற்கு' என்று கேட்டார்கள். குறும்பட்டை ஃபில்டர் அதற்கான பதில்களில் ஒன்று. ஆனால் அது மூன்று வாயுக்களுக்கும் சமமான பதில் அல்ல, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

வெள்ளை எல்இடி தெருவிளக்கின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் 450 நானோமீட்டரை ஒட்டி நீலத்தில் ஒரு கூரான உச்சம் இருக்கும். அடுத்து ஒரு பள்ளம். பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று அகன்ற மேடு. ஹைட்ரஜனின் 656 அந்த மேட்டின் கடைசிச் சரிவில், ஒளி தேய்ந்துபோகும் இடத்தில் இருக்கிறது. கந்தகம் இன்னும் தள்ளி. ஆக்சிஜனின் 500.7 மட்டும் பள்ளத்திலிருந்து மேடேறும் வழியில் மாட்டிக்கொள்கிறது. நிலா வேறு. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். கணக்குப் போட்டால் 501-இல் சிதறல் 656-இல் உள்ளதைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு. அதனால்தான் நிலவொளி இரவுகளில் ஹைட்ரஜன், நிலவில்லா இரவுகளில் ஆக்சிஜன் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். பருவமழை அந்தப் பங்கீட்டை மதித்தால்தானே.

நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருப்பதில் ஒரு பெரிய சலுகை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வட வானமும் தென் வானமும் நமக்கே. ரோசெட் நெபுலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் போகும். கழுகு நெபுலா 75 டிகிரி உயரம் ஏறும். ஐரோப்பியர்கள் படத்தில் மட்டுமே பார்க்கும் கரினா நெபுலா தெற்கே 29 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆனால் துருவ விண்மீன் அடிவானத்தோடு படுத்துக் கிடக்கும். அதை ஏதாவது ஓர் அடுக்குமாடி புளோக் மறைத்திருக்கும். தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்ட்டின் அச்சு துருவத்தை நோக்க வேண்டும் என்பதால் அதையும் தரைக்கு இணையாகப் படுக்க வைக்க வேண்டும், பல மவுண்ட்கள் அவ்வளவு தூரம் குனிய மறுக்கும். ரோசெட் நன்றாகத் தெரியும் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி மட்டும் கொஞ்சம் கருணை காட்டும். கழுகு நெபுலா மேலேறும் மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று, சில ஆண்டுகளில் சுமத்ராவின் புகைமூட்டம். நள்ளிரவிலும் 26, 27 டிகிரி வெப்பம், லென்ஸில் பனி படியாமல் இருக்க எந்நேரமும் ஒரு சூட்டுப் பட்டை. குளிரூட்டப்பட்ட கேமரா அந்த வெப்பத்திலிருந்து 30, 35 டிகிரி இறங்கினாலும் மைனஸ் 5-ஐச் சுற்றித்தான் நிற்கும். நல்லவேளையாக இன்றைய சென்சார்களுக்கு அதுவே போதும்.

இப்போது கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. விகிதங்கள் பல நெபுலாக்களுக்குப் பொருந்தும்.

ஒரு பிக்சலில் ஹைட்ரஜனின் ஒளி 800 எலக்ட்ரான்களைத் தருகிறது என்று வைப்போம் (சென்சார் ஒளியை எண்ணுவது இந்த எலக்ட்ரான்களில்தான்). ஆக்சிஜன் 100, கந்தகம் 100. ஒவ்வொரு ஃபில்டரிலும் வான ஒளி 400 என்று வைப்போம் (ஆக்சிஜனுக்கு இது தாராளமான சலுகை). ஒளி துகள்களாக வருவதால் இரைச்சல் என்பது மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஹைட்ரஜனில் 1200-இன் வர்க்கமூலம், அதாவது 35. ஆக்சிஜனில் 500-இன் வர்க்கமூலம், 22. வான ஒளியை மென்பொருளில் கழித்துவிடலாம், அது கொண்டுவந்த இரைச்சலைக் கழிக்க முடியாது. ஆகவே சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஹைட்ரஜனுக்கு 23, மற்ற இரண்டுக்கும் 4.5.

இந்த நிலையில் அப்படியே இணைத்தால் படம் முழுப் பச்சை. எனவே சிவப்பையும் நீலத்தையும் உயர்த்துகிறோம். 4 மடங்கு உயர்த்தினால் ஆக்சிஜன் 400 ஆகும், அதன் இரைச்சல் 89 ஆகும். கோயில் விழாவில் மெல்லிய குரலில் பேசுபவருக்காக ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தால் அவர் குரலோடு மின்சார இரைச்சலும் சேர்ந்து எழுவது போலத்தான் இது. விகிதம் மாறவில்லை, அதே 4.5. ஆனால் இப்போது அந்த இரைச்சல் எல்லாருக்கும் கேட்கிறது.

இதுவரை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இனிமேல்தான் எஸ்சிஎன்ஆர் வருகிறது. அதன் இயல்பான விதி எளிமையானது: பச்சையின் மதிப்பு, சிவப்பு நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டினால், பச்சையை எடுத்துவிட்டு அந்தச் சராசரியை வை. நம் பிக்சலில் பச்சை 800, சிவப்பு 400, நீலம் 400. சராசரி 400. ஆக, ஹைட்ரஜனின் 800 வெளியே போகிறது. அதன் இடத்தில் கந்தகம், ஆக்சிஜன் சராசரி உட்காருகிறது. அந்தச் சராசரியின் இரைச்சல் 89-ஐ 1.41-ஆல் வகுத்தால் 63. பச்சை சானலின், அதாவது பச்சை நிற அடுக்கின், விகிதம் 23-இலிருந்து 6.3-க்கு விழுந்துவிட்டது.

இப்போது படத்தைப் பாருங்கள். சிவப்பில் கந்தகம். நீலத்தில் ஆக்சிஜன். பச்சையில் இரண்டின் சராசரி. ஹைட்ரஜன் எங்கே? அந்தப் பிக்சலின் நிறத்தில் ஹைட்ரஜனுக்குப் பங்கே கிடையாது. நெபுலாவின் பெரும்பகுதி எந்த வாயுவோ அந்த வாயு, வானம் தெளிந்த இரவுகளையெல்லாம் செலவழித்துச் சேர்த்த சுத்தமான சமிக்ஞை, நிறத்தைத் தீர்மானிப்பதிலிருந்து முழுவதும் விலக்கப்பட்டுவிட்டது. ஒளிர்வைப் பாதுகாக்கும் விருப்பத்தேர்வு அந்தக் கருவியில் இருக்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கிறது. அது ஹைட்ரஜனின் வெளிச்சத்தைக் காப்பாற்றும், நிறத்தைக் காப்பாற்றாது. நிறம் மட்டும் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

கருவியின் மேல் குற்றமில்லை. சாதாரண வண்ணப் படத்துக்காக வந்த கருவி அது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் விண்மீன் கிடையாது, எனவே அத்தகைய படத்தில் மிஞ்சும் பச்சை பெரும்பாலும் இரைச்சல்தான், வெட்டலாம். குறும்பட்டைப் படத்தில் பச்சை இரைச்சலில்லை. அங்கே பச்சை என்பது ஹைட்ரஜன்.

அப்படியானால் பச்சைப் படத்தையே வைத்துக்கொள்ளச் சொல்கிறேனா? சில படங்களில் ஆம், எனக்கு அது பிடிக்கும். ஆனால் பொன்னிறம் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹைட்ரஜனை விரட்டாமல் வேறு இருக்கைகளுக்கும் பகிர்ந்து கொடுப்பது. சிவப்புக்கு 60 விழுக்காடு ஹைட்ரஜன், 40 விழுக்காடு கந்தகம். பச்சைக்கு 60 விழுக்காடு ஹைட்ரஜன், 40 விழுக்காடு ஆக்சிஜன். நீலம் முழுவதும் ஆக்சிஜன். அதே பிக்சலில் இப்போது சிவப்பு 640, பச்சை 640, நீலம் 400. கேட்காமலேயே மஞ்சள் கலந்த பொன்னிறம் வந்துவிட்டது. சிவப்பு, பச்சை இரண்டின் இரைச்சலும் 41 தான். விகிதம் 15-க்கு மேல். கந்தகம் மிகுந்த விளிம்புகள் ஆரஞ்சின் பக்கம் சாயும். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் பச்சையும் நீலமும் ஒருங்கே உயர்ந்து, 500.7 நானோமீட்டரின் இயல்பான நிறத்துக்கு நெருங்கிய ஒரு மயில்கழுத்து வரும்.

இதற்கும் விலை உண்டு. கந்தகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள வேறுபாடு ஹபிள் முறையில் தெரிவதைவிட மங்கலாகத் தெரியும். அதை நான் ஏற்கத்தக்க விலையாகவே பார்க்கிறேன். 4.5 என்ற விகிதத்தில் இருக்கும் கந்தகத்தை வைத்துக்கொண்டு நுட்பமான வேறுபாடு காட்டுகிறேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். 60, 40 என்பதும் வேதவாக்கு அல்ல. கந்தகம் நன்றாகச் சேர்ந்திருந்தால் அதன் பங்கைக் கூட்டலாம். எவ்வளவு கூட்டலாம் என்பதை ரசனையிடம் கேட்பதற்கு முன்பு, பின்னணியின் இரைச்சலை அளந்து அதனிடம் கேட்க வேண்டும்.

நிறத்தை எவ்வளவு தேய்த்து மழுக்கலாம் என்பது அடுத்த விஷயம். இதில் கண் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஒளிர்வில் நுட்பமான கோடுகளைப் பார்க்கும் கண், நிறத்தில் அவ்வளவு நுட்பமாகப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியும் ஜேபெக் படமும் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தித்தான் நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகின்றன. நாமும் அதையே செய்யலாம். ஒளிர்வைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து, நிறத்தில் மட்டும் இரைச்சல் நீக்கத்தைத் தயங்காமல் பலமாக ஓட்டலாம். ஒளிர்வைத் தொடும்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பின்னணி வானத்தில் மெல்லிய மணல் போன்ற கரகரப்பு இருந்தால் இருக்கட்டும். ஒளிர்வின் கரகரப்பைக் கண் மன்னிக்கும். சிவப்பு, நீலம், பச்சை என்று பொட்டுப் பொட்டாக மிதக்கும் திட்டுகளை மன்னிக்காது.

ஒளிர்வுக்கு எதை எடுப்பது? மிகச் சுத்தமான ஹைட்ரஜனையே எடு என்பது வழக்கமான அறிவுரை. தோரின் தலைக்கவசம் எனப்படும் என்ஜிசி 2359-இல் அதைச் செய்து பார்த்தால் அறிவுரையின் ஓட்டை தெரியும். நடுவில் பலத்த காற்றை வீசும் வுல்ஃப்-ரேயட் வகை விண்மீன் ஒன்று, அது ஊதித் தள்ளிய குமிழி, அந்தக் குமிழியின் அழகெல்லாம் ஆக்சிஜனில். ஹைட்ரஜனை ஒளிர்வாகப் போட்டால் குமிழி இருட்டாகிவிடும். நிறம் இருந்தும் அது தெரிவதற்கு வெளிச்சம் இருக்காது. எனவே மூன்று சானல்களையும் அவற்றின் சமிக்ஞை இரைச்சல் விகிதத்துக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டி ஓர் ஒளிர்வு செய்துகொள்வதே நல்லது. இலக்கு மாறினால் எடை மாறும். ரோசெட்டில் ஹைட்ரஜன் வளையமே கதாநாயகன், அங்கே எடை வேறு.

ஃபில்டரின் அகலம் பற்றியும் ஒரு வரி. 7 நானோமீட்டர் ஃபில்டரில் வான ஒளி 400 என்றால் 3 நானோமீட்டரில் 171 தான் வரும். நம் உதாரணத்தில் ஆக்சிஜனின் விகிதம் 4.5-இலிருந்து 6.1-க்கு ஏறும், அதே இரவை ஏறத்தாழ 1.8 மடங்கு நீட்டியதற்குச் சமம். விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாலும், சிங்கப்பூரில் ஒரே ஒரு குறுகலான ஃபில்டர் மட்டுமே வாங்க முடியும் என்றால் அதை ஆக்சிஜனுக்கு வாங்குங்கள் என்பேன். எல்லாரும் ஹைட்ரஜனுக்கு வாங்குகிறார்கள். ஹைட்ரஜனில் 3 நானோமீட்டருக்குப் போனால் 658.4-இல் இருக்கும் நைட்ரஜன் கோடும் வெளியே போய்விடும். ஹீலிக்ஸ் போன்ற கோள்வடிவ நெபுலாக்களில் அது சிறிய இழப்பல்ல.

விண்மீன்கள் ஏன் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக வருகின்றன என்ற கேள்விக்கும் மேலே சொன்ன கணக்கே விடை. விண்மீன் எல்லா அலைநீளத்திலும் ஒளிரும். மூன்று ஃபில்டரிலும் அது கிட்டத்தட்ட ஒரே அளவு. சிவப்பையும் நீலத்தையும் மட்டும் 4 மடங்கு உயர்த்தினால் விண்மீனில் பச்சை பின்தங்கி, அது மெஜந்தா ஆகும். ஸ்டார்நெட் போன்ற மென்பொருளால் விண்மீன்களை முதலிலேயே தனியாகப் பிரித்துவிட்டு, சாதாரண சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களில் சிறிது நேரம் எடுத்த விண்மீன்களைக் கடைசியில் சேர்த்தால் தீர்ந்தது. விண்மீன்களுக்கு நம் ஊர் வானமே போதும்.

செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள். நாய்ஸ்எக்ஸ்டெர்மினேட்டர், கிராக்ஸ்பெர்ட் இரண்டும் திறமையானவை, நானும் பயன்படுத்துகிறேன். சமிக்ஞை போதுமான அளவு இருக்கும் இடத்தில் அவை வியக்கத்தக்க வேலை செய்கின்றன. விகிதம் 4-ஐ ஒட்டி இருக்கும் இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை குறைகிறது. தற்செயலாக ஒன்றுகூடிய இரைச்சல் புள்ளிகளை ஒரு மெல்லிய இழையாக வழவழப்பாக்கிக் காட்டும்போது, பார்ப்பவருக்கு அது வாயு இழைதான். நீளமான திட்டாக இருந்தால் இன்னும் மோசம்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு, யாரும் செலவில்லாமல் செய்யலாம். ஒரே இலக்கைத் திரும்பத் திரும்ப எடுத்த தனிப் படங்களான சட்டகங்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்குங்கள். ஒரே வகை இரைச்சல் நீக்கத்தை இரண்டிலும் ஓட்டுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் திரையில் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும் இழையை நம்பலாம். ஒன்றில் இருந்து மற்றொன்றில் காணாமல் போகும் இழை மென்பொருளின் கற்பனை. ஒரு நிபந்தனை: எடுக்கும்போதே ஒவ்வொரு சட்டகத்துக்கும் இடையில் தொலைநோக்கியைச் சில பிக்சல்கள் ஒழுங்கின்றி நகர்த்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்சாரின் நிலையான குறைகள் இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில் வந்து நின்று பொய்ச்சாட்சி சொல்லும். அடுக்கிய உடனே, நீட்டி வெளிச்சமாக்கும் முன்பே, ஒவ்வொரு சானலுக்கும் தனியாக இரைச்சல் நீக்குவதும் முக்கியம். அந்த நிலையில்தான் இரைச்சல் இன்னும் புள்ளியியல் விதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. வானத்தின் சாய்வான வெளிச்சத்தையும் அப்போதே தனித்தனியாகக் கழித்துவிட வேண்டும். துறைமுகத்தின் பக்கம் ஆக்சிஜன் படத்தில் ஏறும் வெளிச்சமும் ஹைட்ரஜன் படத்தில் ஏறும் வெளிச்சமும் ஒன்றல்ல. இணைத்த பிறகு கழிக்கப் போனால் ஒரு மூலை நீலமாகவும் எதிர் மூலை செம்மையாகவும் மிஞ்சும்.

செங்காங்கில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்த வாதத்தை ஏற்பதில்லை. என்னைவிட மூத்தவர், இந்தக் கலையில் என்னைவிட நீண்ட அனுபவம் உள்ளவர். "படம் என்றால் சுவரில் மாட்டுவது தம்பி. நீ ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாய்" என்பார். அவர் ரோசெட் ஆழ்ந்த நீலமும் உருக்கிய பொன்னுமாக ஜொலிக்கும். என்னுடையது அதன் பக்கத்தில் சற்றுப் பச்சைச் சாயலோடு அடக்கமாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் அவர் படத்தின் பக்கம்தான் நிற்பார்கள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பெரிய அளவில் அச்சிட்டபோது நீலத்துக்குள் திட்டுத் திட்டாக ஏதோ தெரிகிறது என்று அவரே ஒருநாள் கேட்டார். "அண்ணே, அது ஆக்சிஜன் போதவில்லை" என்றேன்.

போதாமை எவ்வளவு என்பதையும் உட்கார்ந்து கணக்கிட்டோம். நான் மேலே வைத்த உதாரண எண்களின்படி, ஆக்சிஜனின் விகிதத்தை ஹைட்ரஜனின் 23-க்கு உயர்த்த வேண்டுமானால் நேரம் 26 மடங்குக்கு மேல் தேவை. ஹைட்ரஜனுக்கு 1 மணி நேரம் என்றால் ஆக்சிஜனுக்கு 26 மணி நேரத்துக்கும் மேல். நிலவில்லாத, மேகமில்லாத, ரோசெட் உயரத்தில் இருக்கும் 26 மணி நேரத்தை இந்தத் தீவில் ஒரே பருவத்தில் ஒருவர் திரட்டுவது நடக்காத காரியம். பாதி எட்டினாலே பெரிது. விகிதத்தில் பாதி என்றால் நேரத்தில் கால்பங்கு, 7 மணி நேரம் போதும்.

அதனால் வரும் பிப்ரவரிக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். நிலவில்லாத இரவுகளில் இருவருமே ரோசெட்டின் ஆக்சிஜனை மட்டும் எடுப்பது, அவர் செங்காங் மாடியிலும் நான் என் புளோக்குக்கு எதிரே உள்ள கார் நிறுத்துமிடத்திலும். நிலா வளர்ந்த பிறகு கந்தகம். ஹைட்ரஜன் இருவரிடமும் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அவர் தொலைநோக்கியின் குவியத்தூரம் வேறு, பிக்சல் அளவு வேறு. சிரிலில் விண்மீன்களை வைத்து ஒன்றோடொன்று பொருத்தி, இரைச்சலுக்கேற்ப எடை கொடுத்து அடுக்கிவிடலாம். சேர்ந்த பிறகு தரவு இருவருக்கும் பொது, வண்ணம் அவரவர் விருப்பம். எஸ்சிஎன்ஆரைத் தொட மாட்டேன் என்று மட்டும் அவர் இதுவரை வாக்குக் கொடுக்கவில்லை.